மாமியாருக்குச் சும்மா இருக்கும் கல் எனக்கு மட்டும் ஏன் வலிக்கிறது?

கேள்வி: கம்பத்திலிருந்து எழுதுகிறேன். வயது 44, எடை 71 கிலோ. விடியக்காலம் அஞ்சரை மணி ஜீப்பில் கம்பம்மெட்டு ஏறி, வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போய்ச் சாயங்காலம் திரும்புவேன். மூன்று வருஷமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். இந்த அஞ்சு மாசத்தில் மூன்று தடவை நெஞ்சுக்குழியில் ஆரம்பித்து, வலது விலாவுக்குக் கீழே பிடித்து, முதுகுப் பட்டை வரைக்கும் வலி இழுத்தது. முதல் தடவை உத்தமபாளையத்தில் கல்யாணப் பிரியாணி சாப்பிட்ட ராத்திரி. இரண்டாவது, குமுளியில் பரோட்டாவும் பழம்பொரியும் சாப்பிட்ட அன்றைக்கு. மூன்றாவது தடவை வெறும் ரசம் சோறுதான். ராத்திரி ஒரு மணிக்குப் பிடித்தது, மூன்று மணி வரை விடவில்லை. கேஸ் என்று ஊசி போட்டார்கள். கட்டப்பனையில் ஸ்கேன் எடுத்தபோது பித்தப்பையில் நிறையக் கல், 4 முதல் 9 மி.மீ. என்று வந்தது. பையை எடுக்கச் சொல்கிறார் டாக்டர். பக்கத்து வீட்டு அக்கா சொல்லி ஒரு மாசமாக வாழைத்தண்டுச் சாறு குடிக்கிறேன். ஆலிவ் எண்ணெயில் எலுமிச்சை பிழிந்து குடித்தால் ஒரே ராத்திரியில் கல் வெளியே வந்துவிடும் என்கிறார் நாத்தனார். என் மாமியாருக்கும் பித்தப்பையில் ஒரு கல் இருக்கிறது, 12 வருஷமாக ஒன்றும் செய்யவில்லை. எனக்கு மட்டும் ஆபரேஷன் எதற்கு? கல்லை மட்டும் எடுக்க முடியாதா? பை இல்லாமல் சாப்பாடு செரிக்குமா? எத்தனை நாள் வேலைக்குப் போக முடியாது? எந்தப் பக்கம் செய்துகொள்வது?

பதில்: சகோதரிக்கு வணக்கம். மாமியாரிலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் கேட்டிருப்பதில் பெரிய கேள்வி அதுதான்.

வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போது தற்செயலாகத் தெரிகிற, ஒருநாளும் வலி கொடுக்காத பித்தப்பைக் கல்லைப் பெரும்பாலும் தொட வேண்டியதில்லை. அப்படிப்பட்டவர்கள் 100 பேரில் ஆண்டுக்கு ஒருவருக்கோ இருவருக்கோதான் வலி தொடங்குகிறது. இருபது ஆண்டு கழித்துக் கணக்கெடுத்தாலும் ஐந்தில் நான்கு பேர் அந்தக் கல்லோடு நிம்மதியாகவே இருப்பார்கள். விதிவிலக்குகள் சில உண்டு. பித்தப்பைச் சுவரே முட்டை ஓடு மாதிரி சுண்ணாம்பு படிந்து இறுகியிருந்தாலோ, கல் 3 சென்டிமீட்டரைத் தாண்டியிருந்தாலோ, 10 மி.மீ.க்கு மேற்பட்ட சதை வளர்ச்சி கூடவே இருந்தாலோ, வலி இல்லாவிட்டாலும் எடுத்துவிடுவது நல்லது. உங்கள் மாமியாருக்கு இவை எதுவும் இல்லையென்றால் அவர் செய்வது சரி.

உங்கள் நிலைமை வேறு. ஒருமுறை கல்லால் வலி வந்துவிட்டால், பாதிப் பேருக்கும் மேல் இரண்டு ஆண்டுக்குள் அது திரும்ப வருகிறது. உங்களுக்கு ஐந்தே மாதத்தில் மூன்று முறை வந்திருக்கிறது. ஆபரேஷன் வேண்டுமா என்ற கேள்விக்குக் கல்லின் அளவை வைத்தோ எண்ணிக்கையை வைத்தோ நாங்கள் முடிவு செய்வதில்லை, வலி வந்ததா என்பதை வைத்துத்தான். ஆகவே கட்டப்பனை டாக்டர் சொன்னதை நானும் வழிமொழிகிறேன். ஆனால் இன்றைக்கே ஓட வேண்டிய அவசரம் இல்லை. நீங்கள் முடிவு செய்ய வேண்டியது தேதியைத்தான். சர்க்கரையைக் கட்டுப்படுத்தி, வீட்டில் ஆள் ஏற்பாடு செய்து, நீங்களே பார்த்துக் குறித்த ஒரு நாளில் நடக்கும் ஆபரேஷன் வேறு. நள்ளிரவில் காய்ச்சலோடும் காமாலையோடும் போய்ப் படுத்து நடக்கும் ஆபரேஷன் வேறு. இரண்டாவதில் துன்பமும் செலவும் படுக்கை நாளும் எல்லாமே அதிகம்.

வலி எப்படி வருகிறது என்று புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். கல்லீரல் ஒரு நாளைக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை பித்தநீர் சுரக்கிறது. அதில் ஒரு பங்கைச் சேர்த்துவைத்து, நீரை உறிஞ்சிக் கெட்டியாக்கும் பைதான் பித்தப்பை. கல்லீரலின் அடியில் ஒட்டிக்கொண்டு, விரல் நீளத்தில் ஒரு சிறு கத்தரிக்காய் போலத் தொங்கும். 30 முதல் 50 மில்லி கொள்ளும். நெய்யோ எண்ணெயோ குடலுக்குள் இறங்கியதும் பை சுருங்கிப் பித்தநீரைப் பிழிந்து விடுகிறது. வெளியேறும் குழாயின் உள்விட்டம் இரண்டு மூன்று மி.மீ.தான். ஏலக்காயை உரித்தால் உள்ளே இருக்கும் அரிசி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய அந்த அளவு. உங்கள் கல்லில் சிறியதே மிளகு அளவு, பெரியது கொண்டைக்கடலை அளவு. பை சுருங்கும்போது ஒரு கல் பையின் கழுத்தில் வந்து அடைத்துக்கொள்கிறது. பை விடாமல் பிழிகிறது, பித்தநீருக்குப் போக வழியில்லை. அதுதான் வலி. வயிற்றுப்போக்கு வலி மாதிரி வந்து வந்து போகாது. ஏறி, அதே உச்சத்தில் அரை மணியிலிருந்து நான்கைந்து மணி நேரம் நிற்கும். பிறகு கல் நழுவிப் பைக்குள் திரும்ப விழுந்ததும், விளக்கை அணைத்தாற்போல் நின்றுவிடும். அந்த நேரத்தில் போட்டிருந்த ஊசிக்கு நல்ல பெயர் கிடைக்கும்.

ரசம் சோற்றுக்கு ஏன் வந்தது என்று திகைத்திருப்பீர்கள். கொழுப்பு வலியைத் தூண்டிவிடும். ஆனால் அது இல்லாமலும் வலி வரும், குறிப்பாக இரவில். சாப்பாட்டைக் கட்டினால் போதும், தப்பித்துவிடலாம் என்று இருப்பவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

‘கேஸ்’ பற்றியும் ஒரு வார்த்தை. ஏப்பம், வயிறு உப்புசம், புளித்த தண்ணீர் தொண்டைக்கு வருவது, சாப்பிட்டதும் வயிறு கனப்பது, இவையெல்லாம் கல் இல்லாதவர்களுக்கும் அதே அளவுக்கு இருக்கின்றன. இந்தத் தொல்லைகளுக்காகப் பையை எடுத்தால் பையும் போகும், தொல்லையும் இருக்கும். ஆபரேஷனுக்குப் பிறகு ‘எனக்கு ஒன்றும் சரியாகவில்லை’ என்று வருபவர்களில் பலர் இந்த வகை. உங்கள் கடிதத்தில் இருப்பது அதுவல்ல. இடம், இழுக்கும் திசை, நேரம் எல்லாம் அச்சாகக் கல் வலி. இருந்தாலும் நாற்பது வயதைத் தாண்டி, சர்க்கரையும் உள்ள ஒருவருக்கு நெஞ்சுக்குழியில் வலி என்றால் ஒருமுறை இ.சி.ஜி. எடுத்துப் பார்க்காமல் கேஸ் ஊசி போடுவது எனக்கு உடன்பாடில்லை. இதயத்தின் கீழ்ச்சுவரில் அடைப்பு வந்தாலும் வலி இதே இடத்தில்தான் தெரியும். அடுத்த முறை ஊசிக்கு முன் இ.சி.ஜி.யைக் கேட்டு வாங்குங்கள்.

உங்கள் ஸ்கேன் ரிப்போர்ட் ஆங்கிலத்தில் இருக்கும். அதில் டாக்டரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டியவை மூன்று. பித்தப்பைச் சுவரின் தடிமன்: வெறும் வயிற்றில் எடுத்ததில் 3 மி.மீ.க்குள் இருந்தால் வீக்கம் இல்லை. பையைச் சுற்றி நீர் கோத்திருக்கிறதா என்பது அடுத்தது. மூன்றாவதுதான் முக்கியம், கல்லீரலிலிருந்தும் பையிலிருந்தும் வரும் பித்தநீரைக் குடலுக்குக் கொண்டுபோகும் பொதுப் பித்தக்குழாயின் அகலம். உங்கள் வயதில் 6 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். அது அகன்றிருந்தாலோ, பித்தநீர் அடைத்தால் ரத்தத்தில் கூடும் பிலிருபினும் ஆல்கலைன் பாஸ்பட்டேஸும் ஏறியிருந்தாலோ, ஒரு கல் ஏற்கெனவே பையைத் தாண்டிக் குழாய்க்குள் இறங்கியிருக்கலாம். அப்போது எம்.ஆர்.சி.பி. என்ற ஸ்கேன் எடுத்து உறுதி செய்துகொண்டு, வாய் வழியாக என்டோஸ்கோப்பி விட்டுக் குழாயின் வாயைச் சற்று அகலப்படுத்தி அந்தக் கல்லை எடுப்பார்கள், இதற்கு ஈ.ஆர்.சி.பி. என்று பெயர். பையை அதற்குப் பிறகுதான் எடுப்பது, ஆனால் அதிக நாள் இடைவெளி விடக்கூடாது. ஸ்கேன் எடுக்கும்போது உங்களை இடது பக்கம் புரண்டு படுக்கச் சொல்லியிருப்பார்கள். கல் என்றால் உருளும், பின்னால் கறுப்பாக ஒரு நிழல் விழும். சதை வளர்ச்சி இருந்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். சி.டி. ஸ்கேன் விலை அதிகம், அதனால் இன்னும் தெளிவாகக் காட்டும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பல பித்தப்பைக் கற்கள் சி.டி.யில் தெரியாமலே போய்விடும். இந்தக் கல்லுக்கு அல்ட்ராசவுண்ட்தான் நல்ல கண்ணாடி.

இனி, காத்திருப்பதில் உள்ள ஆபத்து. வலி வந்துவிட்டவர்களில் ஆண்டுக்கு 100 பேரில் ஒருவர் முதல் மூவர் வரை பெரிய சிக்கலில் மாட்டுகிறார்கள். எண்ணிக்கை குறைவுதான், ஆனால் மாட்டினால் சின்ன விஷயம் இல்லை. வலி ஆறு மணி நேரத்தைத் தாண்டி, காய்ச்சலும் சேர்ந்து, வலது விலாவுக்குக் கீழே விரல் வைத்து அழுத்தும்போது மூச்சை இழுக்க முடியாமல் நின்றால் பித்தப்பை அழன்று வீங்கியிருக்கிறது என்று பொருள். சர்க்கரை உள்ளவர்களுக்கு இது சீக்கிரம் சீழ் வைக்கும். வலி குறைவாகத் தெரிந்தே உள்ளே அழுகியும் விடும். வலி மேல்வயிற்றிலிருந்து நேராக முதுகைத் துளைத்து, வாந்தியும் நிற்காமல் இருந்தால் கணையம் வீங்கியிருக்கலாம். இதில் சிறிய கல்லே அதிகக் கெட்டது. பெரிய கல் பைக்குள் கிடக்கும், 4 மி.மீ. கல் நழுவி, பித்தக்குழாயும் கணையக் குழாயும் சேருகிற வாசலில் போய் அடைக்கும். ‘கல் சின்னதுதானே’ என்ற ஆறுதல் இந்த நோய்க்குப் பொருந்தாது.

அடுத்தது காமாலை. கம்பம் பள்ளத்தாக்கானாலும் இடுக்கி மலையானாலும் கண் மஞ்சளானால் கீழாநெல்லி அரைத்துக் குடித்து, உப்பு எண்ணெய் நீக்கிப் பத்தியம் இருப்பது வழக்கம். கிருமியால் வரும் சாதாரணக் காமாலை பெரும்பாலும் சில வாரத்தில் தானாகவே இறங்கிவிடும். கீழாநெல்லிக்குப் பேர் வந்தது அப்படித்தான். கல் அடைத்து வரும் காமாலை அப்படி இறங்காது. சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போகும், மலம் வெளுத்துக் களிமண் நிறமாகும், உடம்பெல்லாம் அரிக்கும். கூடவே குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் குழாய்க்குள் சீழ் பிடித்துவிட்டது. அப்போது நாள் கணக்கு இல்லை, மணிக்கணக்குதான். உங்கள் பித்தப்பையில் கல் இருப்பது இப்போது தெரிந்துவிட்டது. கண்ணில் மஞ்சள் தெரிந்தால் மருந்து கொடுப்பவர் வீட்டுக்கு அல்ல, அறுவை மருத்துவர் இருக்கும் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் இதைச் சொல்லிவையுங்கள். மாமியாருக்கும் சேர்த்து.

வாழைத்தண்டுச் சாறு சிறுநீரகக் கல்லுக்கென்று சொல்லப்படும் வைத்தியம். அங்கேயாவது நிறையத் தண்ணீர் குடிப்பதால் சிறுநீர் அதிகமாகிக் கல்லைத் தள்ளக்கூடும் என்று ஒரு நியாயம் உண்டு. பித்தப்பை வழியாகச் சிறுநீர் போவதே இல்லை. நீங்கள் குடிக்கும் எதுவும் நேராக அந்தப் பைக்குள் போய்க் கல்லைத் தொடாது. தண்டைப் பொரியலாகச் செய்து சாப்பிடுங்கள், நார்ச்சத்து சர்க்கரைக்கு நல்லது. கல்லுக்காகக் குடிப்பதை நிறுத்திவிடலாம்.

நாத்தனார் சொல்லும் ஆலிவ் எண்ணெய் வைத்தியத்தில்தான் எனக்கு உண்மையான கவலை. மறுநாள் காலை மலத்தில் பச்சைப் பச்சையாக, மெழுகு உருண்டை போல நிஜமாகவே வரும். பார்த்தவர்கள் சத்தியம் செய்வார்கள். அவை கல் அல்ல. எண்ணெயும் சாறும் குடலுக்குள் செரிமான நீரோடு கலந்து உறைந்த சோப்புக் கட்டிகள். சோதனைக்கூடத்தில் ஆராய்ந்து பார்த்தே நிரூபித்திருக்கிறார்கள். அவற்றை வெயிலில் வைத்தால் உருகும், கல் உருகாது. அதற்கு மேல், ஒரே மடக்கில் அரை டம்ளர் எண்ணெய் குடிப்பது பித்தப்பையைச் சவுக்கால் அடிப்பது போல. அது வெறிகொண்டு சுருங்கும்போது உங்கள் மிளகு அளவுக் கல் ஒன்று குழாய்க்குள் பாயலாம். கணைய வீக்கத்தைக் கையாலேயே வரவழைத்துக்கொள்ளும் வேலை இது. வேண்டாம்.

கல்லைக் கரைக்க மாத்திரை உண்டா என்றால், உண்டு. அர்சோடியாக்சிகோலிக் ஆசிட் என்று பெயர். உங்கள் எடைக்குத் தினம் 600 மில்லிகிராம் அளவில், ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை விடாமல் சாப்பிட வேண்டும். அது கரைப்பது சுண்ணாம்பு சேராத சிறிய கொலஸ்டிரால் கற்களை மட்டும். வட இந்தியாவில் கொலஸ்டிரால் கல் அதிகம். நம் தென்பகுதியில் கறுப்பு, பழுப்பு நிறமிக் கற்கள் நிறைய. அவற்றை இந்த மாத்திரை அசைக்கவே செய்யாது. கரைந்தவர்களிலும் பாதிப் பேருக்கு ஐந்து ஆண்டுக்குள் கல் திரும்ப வருகிறது. உடல்நிலை ஆபரேஷனைத் தாங்காதவர்களுக்கு மட்டும்தான் நான் இதை எழுதுவேன்.

கல்லை மட்டும் எடுத்துவிட்டுப் பையை விட்டுவைக்கலாமே என்று கேட்டிருக்கிறீர்கள். நோய் இருப்பது பையில், கல் அதன் விளைவு. சரியாகச் சுருங்காத பையும் சமன் கெட்ட பித்தநீரும் அப்படியே இருக்கும் வரை அது மறுபடி கல் செய்துகொண்டே இருக்கும். சிறுநீரகக் கல்லை உடைப்பது போல அதிர்வலையால் உடைத்தாலும், தூள் போக வேண்டியது அந்த ஏல அரிசி அளவு குழாய் வழியாகத்தானே?

பை இல்லாவிட்டால் கல்லீரலில் சுரக்கும் பித்தநீர் சேர்ந்து நிற்காமல் சொட்டுச் சொட்டாக நேரே குடலுக்குப் போகும். செரிமானத்துக்கு அது போதும். குதிரைக்கும் எலிக்கும் பிறவியிலேயே பித்தப்பை கிடையாது! சுமார் பத்தில் ஒருவருக்குச் சில வாரம் மலம் இளகிப் போகும், சாப்பிட்டதும் ஓட வேண்டியிருக்கும். பெரும்பாலும் தானாக நின்றுவிடும். நிற்காவிட்டால் பித்த அமிலத்தைப் பிடித்துவைக்கும் பொடி மருந்து இருக்கிறது.

ஆபரேஷன் என்றதும் பயப்படுகிறீர்கள், அதனால் உள்ளே நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் லேப்ராஸ்கோப்பி முறையில், அதாவது சிறு துளைகள் வழியாகக் கேமராவும் கருவிகளும் விட்டு, பித்தப்பையை முதன்முதலில் எடுத்தவர் டாக்டர் தெஹம்டன் உத்வாடியா, 1990-இல், மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில். இன்றைக்கு மாவட்ட அளவிலேயே வழக்கமாக நடக்கிறது. முழு மயக்கம் கொடுத்து, தொப்புளில் ஒரு துளை, நெஞ்சுக்குழிக்குக் கீழே ஒன்று, வலது பக்கம் இரண்டு சிறு துளைகள். வயிற்றுக்குள் கார்பன் டைஆக்சைடு வாயுவை நிரப்பிக் கூடாரம் போல உயர்த்துவோம். பைக்குப் போகும் ரத்தக்குழாய் ஒன்று, பையிலிருந்து வரும் பித்தக்குழாய் ஒன்று. பையை நோக்கிப் போவது இந்த இரண்டு மட்டும்தான் என்று நாலாபக்கமும் சுத்தம் செய்து கண்ணால் உறுதிப்படுத்திக்கொண்ட பிறகே இரண்டிலும் டைட்டானியம் கிளிப் போட்டு வெட்டுவோம். முழு ஆபரேஷனும் இந்தச் சில நிமிடத்தில்தான் இருக்கிறது. அவசரப்பட்டுப் பொதுப் பித்தக்குழாயையே பித்தப்பைக் குழாய் என்று நினைத்து வெட்டிவிடும் விபத்து ஆயிரத்தில் மூன்று முதல் ஐந்து பேருக்கு நடக்கிறது. அது நடந்தால் பெரிய ஆபரேஷன்களும் மாதக்கணக்கில் அலைச்சலும் வரும். பை வீங்கி எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கும்போதுதான் இந்த ஆபத்து கூடுகிறது. வீங்காத காலத்தில் செய்துகொள்ளுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இதுவே.

முன்கூட்டித் திட்டமிட்டுச் செய்பவர்களில் 100 பேரில் ஐந்து பேருக்குள் நடுவில் வயிற்றைத் திறக்க வேண்டி வரலாம். அதைத் தோல்வி என்று நினைக்காதீர்கள். இடம் தெளிவாகத் தெரியவில்லை, திறந்தே செய்கிறேன் என்று முடிவெடுக்கும் மருத்துவர் உங்கள் குழாயைக் காப்பாற்றுகிறார். ‘திறக்க நேர்ந்தால் நீங்களே செய்வீர்களா?’ என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். ஆண்டுக்கு எத்தனை செய்கிறீர்கள் என்றும் கேட்கலாம். கோபப்படுகிறவரிடம் செய்துகொள்ள வேண்டியதில்லை.

ஆபரேஷனுக்கு முன் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு (எச்.பி.ஏ.1.சி.) 8 சதவீதத்துக்குள் வந்திருந்தால் நல்லது. மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். மெட்ஃபார்மினை அன்றைக்கு மட்டும் நிறுத்தினால் போதும். பெயர் ‘கிளிஃப்ளோசின்’ என்று முடியும் வகை மாத்திரை என்றால் மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும். சொல்லாமல் விட்டால் பட்டினியோடு சேர்ந்து ரத்தத்தில் அமிலம் ஏறிவிடும். கடைசிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆறு மணி நேரம் வயிறு காலியாக இருக்க வேண்டும், வெறும் தண்ணீர் மட்டும் இரண்டு மணி நேரம் முன்பு வரை குடிக்கலாம்.

அன்று சாயங்காலமே எழுந்து நடக்க வைப்பார்கள். வயிற்றைவிட வலது தோள்பட்டை அதிகம் வலிக்கிறதே என்று பதறுவீர்கள். மிச்ச வாயு, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத் தசையைச் சீண்டுவதால் வருவது, இரண்டு மூன்று நாளில் போய்விடும். மறுநாள் இட்லி, அதற்கு அடுத்த நாளுக்குள் பெரும்பாலும் வீடு. ஆனால் வீட்டுக்கு வந்தபின் வலி நாளுக்கு நாள் குறையத்தான் வேண்டும். இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் வயிறு உப்பி, வலி கூடி, காய்ச்சலோ மஞ்சளோ தெரிந்தால் பித்தநீர் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். மாத்திரை போட்டுப் பொறுத்துக்கொண்டிருக்காமல் அதே மருத்துவமனைக்குத் திரும்புங்கள். எடுத்த பையைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா என்று கேட்டு அந்த ரிப்போர்ட்டையும் வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

வேலைக்கு வருகிறேன். துளை ஆபரேஷன் என்றால் இரண்டு வாரம் ஐந்து கிலோவுக்கு மேல் எதையும் தூக்கக்கூடாது. குடத்துத் தண்ணீரும் அதில் அடக்கம். மூன்றாவது வாரம் முதல் குனிந்து காய் எடுக்கும் வேலைக்குப் போகலாம், ஆனால் எடுத்த காயை மூட்டையாகச் சுமந்து மேட்டுக்கு ஏற்றுவதை வேறு யாராவது செய்யட்டும். மூட்டையும், முதுகில் மாட்டும் மருந்தடிப்பு மெஷினும் ஆறு வாரம் கழித்துத்தான். தொப்புள் துளை முழுதாக ஆறுவதற்குள் பாரம் தூக்கினால் அந்த இடத்தில் குடலிறக்கம் வரும். வயிற்றைத் திறந்து செய்ய நேர்ந்தால் பாரம் தூக்குவது மூன்று மாதம் தள்ளிப்போகும். கம்பம்மெட்டு ரோட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில், ஜீப்பில் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து போகிற அந்தப் பயணத்தை முதல் இரண்டு வாரம் நினைக்கவே வேண்டாம். ஆக, முழுக் கூலி போவது இரண்டு மூன்று வாரத்துக்கு. ஏலத்தோட்டத்தில் வேலை மந்தமாகும் கோடை அருகில் இருந்தால் அதற்குள் முடித்துக்கொள்வது புத்திசாலித்தனம். கோடை தூரத்தில் இருந்தால் அதற்காகக் காத்திருக்காதீர்கள். இரண்டு மாதத்துக்கு மேல் தள்ள உங்கள் வலி இடம் கொடுக்காது.

எந்தப் பக்கம்? என் யோசனை, வீடு இருக்கும் பக்கம். தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை க.விலக்கில் இருக்கிறது, அங்கே அறுவைப் பிரிவில் காட்டினால் ஆபரேஷனுக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை, காத்திருக்கும் வரிசைதான் உண்டு. அதனால் பெயரை இப்போதே பதிந்துவிடுங்கள். தனியார் மருத்துவமனை என்றால் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை இருக்கிறது. இந்த ஆபரேஷனுக்கு அந்த மருத்துவமனையில் அது செல்லுமா என்று காப்பீட்டு மேசையில் கேட்டு, ஒப்புதல் வந்த பிறகே அட்மிட் ஆகுங்கள். கேரளத்தின் காருண்யா காப்பீட்டுத் திட்டம் அந்த மாநிலக் குடும்பங்களுக்கானது. அங்கே வேலை பார்ப்பதால் மட்டும் உங்களுக்குக் கிடைக்காது. கட்டப்பனை ஸ்கேன் ரிப்போர்ட்டைப் படத்தோடு கொண்டுபோனால் முதல் நாளே ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்காது. நீங்கள் மலையில் இருக்கும்போது ஆறு மணி நேர வலியோ காமாலையோ வந்தால் மட்டும் ஊர் திரும்ப நினைக்காமல், பக்கத்தில் அறுவை மருத்துவர் இருக்கும் மருத்துவமனைக்கே போங்கள். 108 இரண்டு மாநிலத்திலும் உண்டு.

அதுவரை சாப்பாடு. எண்ணெயை அடியோடு நிறுத்த வேண்டாம். பை சுருங்காமலே கிடந்தால் பித்தநீர் தேங்கிச் சகதியாகும். ஒரு வேளைக்கு இரண்டு டீஸ்பூன் எண்ணெய் போதும். தேங்காய்ப்பால் குழம்பு, பரோட்டா, பழம்பொரி, தேங்காயெண்ணெயில் பொரித்த நேந்திரங்காய் சிப்ஸ் ஆகியவற்றுக்கு ஆபரேஷன் முடியும் வரை விடுப்பு கொடுங்கள். எடை குறைக்க வேண்டும்தான், ஆனால் வாரத்துக்கு அரை கிலோவுக்கு மேல் வேண்டாம். பட்டினி கிடந்து வேகமாக இளைத்தால் புதுக் கல் பிறக்கும். முந்தின ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டு, விடியக்காலம் வெறும் வயிற்றோடு ஜீப் ஏறி, காலை பத்து மணிக்குத் தோட்டத்தில் தூக்குச் சட்டியைத் திறப்பவர்கள் உங்கள் ஜீப்பில் பலர் இருப்பார்கள். அந்தப் பதினான்கு மணி நேர இடைவெளி பித்தப்பைக்கும் ஆகாது, சர்க்கரைக்கும் ஆகாது. அஞ்சரை மணி ஜீப் வருவதற்கு முன் இரண்டு இட்லியாவது, ஒரு டம்ளர் கம்பங்கூழாவது உள்ளே போகட்டும்.